சொந்தக் கையால் கட்டிய வீடும் விறகுக் கணப்பும்: முதல் மழைக்காலம் கடந்த பின் சில ஐயங்கள்

கேள்வி: சரிவுவீடு

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியில், எமரால்டு அணைக்கு மேலுள்ள சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில், நானும் என் மனைவியும் ஒரு சிறிய வீட்டைப் பெரும்பாலும் எங்கள் உழைப்பிலேயே கட்டி முடித்து, கடந்த பங்குனியில் பால் காய்ச்சிக் குடியேறினோம். சுவர்கள் சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்தி எடுத்த மண்கட்டியால் ஆனவை. உள்ளும் புறமும் சிமென்ட் பூச்சு உண்டு. கூரை மரக் கைகளின் மேல் மங்களூர் ஓடு. அதற்குக் கீழே பலகைத் தளம் அடித்திருக்கிறோம். கூடத்தின் வடக்குச் சுவரோரமாக, கனத்த தகட்டில் கண்ணாடிக் கதவு வைத்துச் செய்த மூடிய இரும்புக் கணப்பு இருக்கிறது. அதன் ஆறு அங்குலப் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியேறி, வெளிச்சுவரை ஒட்டியே மேலேறி, இறவாரத்துக்குச் சற்று மேலே முடிகிறது.

சித்திரையிலும் வைகாசியிலும் கணப்புக்கு வேலையே இருக்கவில்லை. ஆனியில் மழை பிடித்ததிலிருந்து அது அணையாமல் எரிகிறது, ஆனால் வீடு சூடாவதில்லை. மழை தொடங்கும் சமயத்தில் ஒரு வண்டி சீகை (வாட்டில் மர) விறகு வாங்கி, நனையக் கூடாது என்று கூடத்தின் ஒரு சுவர் நெடுக அடுக்கி வைத்தோம். அந்த விறகு எரியும்போது சீறுகிறது. வெட்டுமுனையில் நுரை தள்ளுகிறது. கண்ணாடி ஒரே மாலையில் கருத்துவிடுகிறது. கதவைத் திறந்தால் புகை அறைக்குள் புரள்கிறது. வெளியே குழாயின் இணைப்புகளில் கறுப்பாக ஏதோ கசிந்து சுவரில் வழிகிறது. இவற்றோடு, படுக்கையறையின் வெளிச்சுவரில், பீரோவுக்குப் பின்னால், ஆவணி முழுவதும் பூசணம் பூத்தது. துடைத்தால் ஒரு வாரத்தில் மீண்டும் வருகிறது.

இப்போது புரட்டாசி. மார்கழியில் இங்கு உறைபனி இறங்கும் என்று பக்கத்துத் தோட்டத்தினர் சொல்கிறார்கள். இந்தக் கணப்பு எங்கள் வீட்டுக்குச் சிறியதா, பெரியதாக ஒன்று மாற்ற வேண்டுமா என்பது என் முதல் கேள்வி. மாற்ற வேண்டியதில்லை என்றால், குளிர்காலத்துக்கு முன் எதைச் சரிசெய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கோத்தகிரிக்காரர்

வணக்கம் ஐயா. நீங்கள் சொன்ன அடையாளங்களில் சீறல், நுரை, கருத்த கண்ணாடி ஆகிய மூன்றும் ஈர விறகையே காட்டுகின்றன. ஆகவே கணப்பை மாற்றுவதற்கு முன் விறகைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

புதிதாக வெட்டிய சீகையின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். நல்ல விறகு என்பது அந்த நீர் எடையில் இருபது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய விறகு. ஒரு டன் பச்சை விறகு அந்த நிலைக்கு வருவதற்குள் 375 லிட்டர் நீரை வெளியே விட்டாக வேண்டும். அந்த நீர் வெயிலிலும் காற்றிலும் போகாவிட்டால் கணப்புக்குள்தான் போகும். நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று உண்டு. மரம் சூடாகும்போது அதிலிருந்து வெளிவரும் வாயுக்கள் பற்றி எரிய 600 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பம் தேவை. ஈரம் நெருப்பைக் குளிர்வித்துவிடுவதால் அந்த வாயுக்கள் எரியாமலேயே புகையாக மேலே போகின்றன. விறகின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அதே புகை குளிர்ந்த குழாயில் படிந்து தார் ஆகிறது. உங்கள் வெளிச்சுவரில் வழிவது அதுதான். அது குழாய்க்குள் தடித்துப் படிந்தால் ஒரு நாள் தீப்பற்றவும் கூடும். ஆகவே குளிர்காலத்துக்கு முன் குழாயைக் கழற்றி ஒரு முறை முழுமையாகத் துடைத்துவிடுங்கள்.

இரண்டாவதாக, அந்த விறகை வீட்டுக்குள் அடுக்கியிருப்பது உங்கள் பூசணத்தோடு நேரடித் தொடர்புடையது. மேலே சொன்ன 375 லிட்டரில் ஆடி ஆவணிக்குள் எவ்வளவு வெளிவந்ததோ, அவ்வளவும் உங்கள் கூடத்துக் காற்றில் கலந்திருக்கிறது. அன்றைக்கு எரிக்க வேண்டிய விறகு மட்டுமே வீட்டுக்குள் இருக்கட்டும். மற்றது வெளியே, வீட்டின் தெற்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, ஒற்றை வரிசையாக, மேலே மட்டும் தகடு போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு அடுக்கப்பட வேண்டும். தார்ப்பாயால் தரைவரை போர்த்திவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் விறகு அழுகும். தென்மேற்குப் பருவத்தில் உங்கள் பக்கம் சாரல் மேற்கிலிருந்து அடிக்கும் என்பதால் அந்த ஒரு பக்கத்துக்குத் தடுப்பு வைப்பதில் தவறில்லை.

இந்த மலையில் விறகின் ஆண்டு தை மாதத்தில் தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தையிலிருந்து மாசி, பங்குனி வரை வானம் தெளிந்து, காற்று உலர்ந்திருக்கும். அப்போது வாங்கி, வாங்கிய கையோடு பிளந்து, வைகாசி முடியும்வரை வெயில் காட்டினால் மெல்லிய பிளவுகள் அந்த மழைக்காலத்துக்கே உதவும். கைப்பருமனுக்கு மேற்பட்ட சீகைக்கு அடுத்த கோடையும் வேண்டும். கற்பூர மரமாக (யூகலிப்டஸ்) இருந்தால் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். அதன் நார் முறுக்கிக்கொண்டு ஓடுவதால், காய்ந்த பிறகு கோடாலி அதில் இறங்காது. பைன் கட்டைகளைப் பற்றவைப்பதற்கு மட்டும் சிறு குச்சிகளாகக் கீறி வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குளிர்காலத்துக்கு என்ன செய்வது என்றால், என் பரிந்துரை மிலாறு. கவ்வாத்து முடிந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் கிளைகள், மெல்லியதாக இருப்பதால் விரைவில் காயும். பருமனைக் காட்டிலும் கனமான மரம் என்பதால் நின்று எரியும். கொட்டகையில் ஒரு கோடையைக் கண்ட சில்வர் ஓக் விறகும் கிடைக்கிறது. வாங்குமுன் ஒரு கட்டையைப் பிளந்து, உட்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் வேண்டாம். ஈரமானி ஒன்று வாங்கினாலும் புதிதாகப் பிளந்த உட்பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். வெளிப்புறம் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும்.

உங்கள் நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டும் எண்ணம் இருந்தால், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கும் முன் அனுமதி தேவை என்பதை மறந்துவிடாதீர்கள்.

மறுமொழி 2: ஓட்டுக்கூரை

மலைவீடுகளின் கூரை வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், கோத்தகிரி நண்பர் சொன்னதை மறுக்காமல், ஆனால் வரிசையை மாற்றிச் சொல்ல விரும்புகிறேன். இந்த வீட்டில் விறகுக்கு முன் குழாயைத்தான் பார்க்க வேண்டும். மிக நன்றாகக் காய்ந்த விறகைக் கொடுத்தாலும் இந்தக் குழாய் புகையை ஒழுங்காக இழுக்காது.

புகைபோக்கி இழுப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் வாயு வெளிக்காற்றைவிடச் சூடாகவும் இலேசாகவும் இருப்பதுதான். இழுவையின் அளவை முடிவு செய்பவை குழாயின் உயரமும் அந்த வெப்ப வேறுபாடும். உங்கள் குழாய் கணப்பை விட்டு ஓரடி போனதும் சுவரைத் தாண்டி, ஒற்றைத் தகட்டோடு, மழையிலும் மூடுபனியிலும் நனைந்துகொண்டே மேலேறுகிறது. புகையின் சூடு அங்கேயே போய்விடுகிறது. அதற்கு மேல், சுவரைத் துளைக்கும் இடத்தில் ஒரு வளைவும் வெளியே ஒரு வளைவும் சேர்ந்து ஓட்டத்தைத் தடுக்கின்றன. இயன்றவரை குழாய் வீட்டுக்குள்ளேயே நேராக மேலேறிக் கூரையைத் தாண்ட வேண்டும். அப்போது அதன் வெப்பம் வீட்டுக்கும் பயன்படும்.

கூரைக்கு மேல் எவ்வளவு நீள வேண்டும் என்பதற்கு உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு ஒன்று உண்டு. குழாய் வாயிலிருந்து கிடைமட்டமாக மூன்று மீட்டருக்குள் கூரையின் எந்தப் பகுதி இருந்தாலும், அதைவிட அறுபது சென்டிமீட்டராவது குழாய் உயர்ந்திருக்க வேண்டும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது தொண்ணூறு சென்டிமீட்டர் வேண்டும். இறவாரத்தருகே முடியும் குழாயின் மேல், முகட்டைத் தாண்டி வரும் காற்று கீழ்நோக்கிச் சுழன்று விழும். உங்கள் கூடத்தில் புகை புரள்வதற்கு அதுவும் காரணம். உயரத்தையும் கணக்கில் எடுங்கள். 2000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு எழுதிய அட்டவணையில் ‘நான்கு மீட்டர் போதும்’ என்று இருந்தால் இங்கே அதற்கு மேல் ஒரு மீட்டராவது கூட்டுவது என் வழக்கம்.

கூரையைத் துளைக்கும் இடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் இடையே நாற்பத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாக வேண்டும். கைமரமும் ரீப்பரும் பலகைத் தளமும் உள்ள உங்கள் கூரையில் அந்த அளவுக்கு வெட்டித் திறப்பது கடினம் என்பதால், பலகைத் தளத்துக்குச் சற்றுக் கீழிருந்து குழாய் வாய்வரை, நடுவே கல்நார் அல்லாத ராக்வுல் அடைத்த இரட்டைச் சுவர்க் குழாயைப் பொருத்துங்கள். அதற்கும் மரத்துக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியை அதைச் செய்தவர்கள் குறிப்பிட்டிருப்பார்கள். மரம் அன்றைக்கே பற்றிக்கொள்ளாவிட்டாலும், ஆண்டுக்கணக்கில் சூடுபட்டால் குறைந்த வெப்பத்திலும் பற்றும் தன்மையை அடைகிறது. இந்த இடத்தில் செலவைக் குறைக்க யார் ஆலோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

இணைப்புகளில் மேல்துண்டின் முனை கீழ்த்துண்டுக்கு உள்ளே இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே ஊறும் தார் வெளியே வழியாமல் நெருப்புக்கே திரும்பும். உங்கள் குழாயைத் தலைகீழாகச் செருகியிருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்ன கசிவிலிருந்தே தெரிகிறது. சமையலறையில் காற்றை வெளியேற்றும் மின்விசிறி இருந்தால், கணப்பு எரியும்போது அதை ஓடவிடாதீர்கள். அது புகைபோக்கியோடு போட்டியிட்டு அறைக்குள் காற்றை எதிர்த்திசையில் இழுக்கும். கணப்புக்கு அருகே தரையில் மூன்று அங்குலத் துளையிட்டு வெளிக்காற்றை நேராகக் கொண்டுவந்தால், கதவு சன்னல் இடுக்குகள் வழியே வரும் குளிரும் குறையும்.

கணப்பின் அளவைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். இந்த இரண்டும் சரியான பிறகு ஒரு மார்கழியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சரிவுவீடு

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று வெளியே ஒரு இணைப்பைக் கழற்றிப் பார்த்தேன். ஓட்டுக்கூரை அவர்கள் சொன்னபடியே அது தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறது. உட்சுவரில் பளபளப்பான கறுப்புப் படலம் தடித்திருக்கிறது. குழாயை உள்வழியாகக் கொண்டுபோகும் வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடிக்க ஏற்பாடு செய்கிறேன். விறகை வெளியே கொண்டுபோய் அடுக்கத் தொடங்கிவிட்டோம்.

பூசணத்தைப் பற்றி இன்னும் தெளிவு வேண்டும். விறகுதான் முழுக் காரணம் என்றால், விறகை எடுத்த பிறகு சுவர் தானாக உலர்ந்துவிடுமா? இங்கே சிலர் நாள் முழுவதும் சிறு நெருப்பு வைத்திருக்கச் சொல்கிறார்கள். வேறு சிலர் மாலையில் மட்டும் நன்றாக எரித்தால் போதும் என்கிறார்கள். எது சரி?

மறுமொழி 3: மேல்ஹட்டி

வணக்கம் தம்பி. நாங்கள் மண்சுவர் வீட்டில் நெடுங்காலமாக வாழ்பவர்கள் என்பதால் சுவரைப் பற்றி நான் சொல்கிறேன்.

புது வீடு முதல் ஆண்டில் உலராத வீடு. மண்கட்டிக்கும் சாந்துக்கும் பூச்சுக்கும் தரைக்கும் நீங்கள் ஊற்றிய நீரைக் கூட்டிப் பார்த்தால் ஆயிரக்கணக்கான லிட்டர் வரும். சிமென்ட் அதில் ஒரு பகுதியைத்தான் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். மற்றது சுவரிலிருந்து மெல்ல மெல்ல வெளியேற வேண்டியது. அதற்கு ஒரு முழு உலர்காலமாவது வேண்டும். நீங்கள் பங்குனியில் குடியேறி, இரண்டே மாதங்களில் மழையைச் சந்தித்திருக்கிறீர்கள். ஆகவே இந்த ஆண்டுப் பூசணத்தைக் கொண்டு வீட்டை எடைபோட்டு வருந்த வேண்டாம். அடுத்த தை முதல் பங்குனி வரை, பகலில் பத்து மணிக்கு மேல் எல்லாச் சன்னல்களையும் எதிரெதிராகத் திறந்து வைத்து, மாலை நான்கு மணிக்கு மூடுங்கள். எந்தக் கணப்பும் செய்யாத வேலையை அந்த மூன்று மாத வெயிலும் காற்றும் செய்துவிடும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மழைக்காலத்தில் சிறு நெருப்பு நெடுநேரம், உறைபனிக் காலத்தில் மாலையில் பெரு நெருப்பு சிறிது நேரம் என்பதே எங்கள் பழக்கம். இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆடி மாதத்தில் வெளியே 15 டிகிரி. காற்றில் ஈரம் முற்றியிருக்கும். அந்தக் காற்றில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 13 கிராம் நீராவி உண்டு. அதை வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே கனமீட்டர் 17 கிராம் வரை தாங்கும் என்பதால் ஈரப்பதம் நூறிலிருந்து முக்கால் பங்குக்கு இறங்குகிறது. சுவரின் மேற்பரப்பில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டியே நாட்கணக்கில் நிற்கும்போதுதான் பூசணம் பிடிக்கும். ஆகவே வெறும் ஐந்து டிகிரி வேறுபாடு, ஆனால் இடைவிடாத வேறுபாடு, வீட்டைக் காப்பாற்றுகிறது. மாலையில் மட்டும் கூடத்தை 26 டிகிரிக்கு ஏற்றினால், அந்தச் சூடான காற்று கூடத்தில் உங்கள் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் ஈரத்தை ஏற்றுக்கொண்டு, குளிர்ந்து கிடக்கும் படுக்கையறைச் சுவரில் போய் இறக்கிவைத்துவிடும். பீரோவுக்குப் பின்னால் உங்களுக்கு நடந்தது இதுதான். பீரோவை உட்சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒரு சாண் தள்ளி, அடியில் காற்று போகும்படி கால் வைத்து நிறுத்துங்கள். படுக்கையறைக் கதவைப் பகலில் திறந்தே வையுங்கள்.

சிறு நெருப்பு என்றால் காற்றுவழியை அடைத்துப் புகையவிடுவது என்று பொருள் கொள்ளக் கூடாது. அப்படிச் செய்தால் தார் இன்னும் அதிகமாகப் படியும். மெல்லிய, காய்ந்த கட்டைகள் சிலவற்றை மட்டும் வைத்துத் தெளிவான சுடரோடு எரித்துவிட்டு, தணல் அடங்கியபின் மீண்டும் சில கட்டைகள் வைப்பதே முறை. கணப்பைச் சுற்றி மூன்று பக்கமும் சுட்ட செங்கல்லால் ஒரு சுவர் எழுப்பி வைத்தால், அது சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் மெதுவாக விடும். நெருப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அது நிரப்பும்.

சுவருக்கு வெளியே பார்க்க வேண்டியதும் உண்டு. ஓட்டிலிருந்து விழும் நீர் சுவரடியில் தெறித்தால் உள்ளே கீழ் இரண்டடிக்கு ஓதம் நிற்கும். தாழ்வாரத்தை நீட்டுங்கள், அல்லது நீர்த்தாரை அமைத்து நீரை வீட்டைவிட்டுத் தள்ளி விடுங்கள். மேற்சரிவுப் பக்கம் ஒரு வெட்டுவாய்க்கால் கட்டாயம் வேண்டும். 2019 ஆகஸ்ட்டில் உங்களுக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளை மனத்தில் வைத்து அந்த வாய்க்காலின் அளவைத் தீர்மானியுங்கள். உட்சுவருக்கு வண்ணம் பூசும் எண்ணம் இருந்தால் பிளாஸ்டிக் எமல்ஷனைத் தவிர்த்துச் சுண்ணாம்பு அடியுங்கள். சுவர் மூச்சுவிடும்; சுண்ணாம்பின் காரத்தில் பூசணமும் எளிதில் பிடிக்காது.

உறைபனியைப் பற்றி அச்சம் வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் அது சரிவில் வழிந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஊட்டியில் காந்தலும் தலைகுந்தாவும் வெளுக்கும்போது மேலே சரிவில் இருக்கும் வீடுகளின் முற்றத்தில் பனி குறைவாகவே இருக்கும். எங்கள் முன்னோர் ஹட்டிகளை (படகர் ஊர்களை)ப் பள்ளத்தில் அமைக்காமல் சரிவில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளாகக் கட்டியதில் இந்த அறிவும் உண்டு என்று நான் நம்புகிறேன். தோதவர் எனப்படும் தோடர் பழங்குடியினரின் மரபு வீடுகளின் வாசல், குனிந்து தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறியது; உள்ளிருக்கும் அடுப்பின் சூடு வெளியேற வழியே இருக்காது. நீங்கள் வாசலைச் சிறிதாக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தியில் சன்னல்களுக்குக் கனத்த திரை இழுத்துவிடுவது பாதி விறகுக்குச் சமம் என்பது என் அனுபவம். பகலில் வெயில் 20 டிகிரி வரை ஏறும் காலம் அது என்பதால், தெற்குச் சன்னல்களை அப்போது மறைக்காமல் வையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். படுக்கையறை குளிர்கிறது என்று தணலை இரும்புச் சட்டியில் அள்ளிக் கொண்டுபோய் வைத்துக் கதவை மூடிக்கொண்டு உறங்குவதை இந்த மலையில் இன்னும் சிலர் செய்கிறார்கள். கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை எழுப்பாமலேயே உயிரை எடுத்துவிடும். குளிர்காலந்தோறும் இதில் உயிர்கள் போகின்றன. அதே காரணத்தால், கணப்பில் செந்தணல் இருக்கும்வரை புகைக்குழாயின் அடைப்பானை முழுவதும் மூடக் கூடாது. அந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி விலை மிகுந்ததல்ல. உறங்கும் அறையில் ஒன்று இருக்கட்டும்.

சரிவுவீடு

மிகவும் நன்றி அம்மா. பீரோவை இன்றே மாற்றிவிட்டோம். செங்கல் சுவர் எழுப்புவதென்றால் கணப்பிலிருந்து எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? சேரும் சாம்பலைத் தோட்டத்தில் போடலாமா?

மறுமொழி 4: ஓட்டுக்கூரை

கணப்புக்கும் செங்கல்லுக்கும் நடுவே நான்கு அங்குலம் விடுங்கள். அடிவரியிலும் மேல்வரியிலும் சில கற்களை நீக்கித் துளை வைத்தால் காற்று கீழே நுழைந்து மேலே சூடாக வெளிவரும். சிமென்ட் சாந்து சூட்டில் வெடிக்கும். செம்மண்ணும் மணலும் கலந்த சாந்தே போதும். தரை பலகையாக இருந்தால் அந்தச் சுவரின் பாரத்தைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள், மண்தரையானால் கவலையில்லை.

சாம்பலுக்குள் தணல் இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். ஆகவே மூடியுள்ள தகரத் தொட்டியில் அள்ளி, மரத்தை விட்டுத் தள்ளி வெளியே வையுங்கள். நன்றாக ஆறிய பிறகு காய்கறிப் பாத்திகளில் மெல்லியதாகத் தூவலாம், நம் மண் புளிப்பு மிகுந்தது என்பதால் கோசும் பீட்ரூட்டும் அதை ஏற்கும். தேயிலைச் செடி புளிப்பு மண்ணை விரும்புவது. அதன் அடியில் போட வேண்டாம். உருளைக்கிழங்குப் பாத்தியிலும் வேண்டாம், காரம் ஏறினால் கிழங்கில் சொறி விழும்.

குழாய் வேலை முடிந்ததும், முதல் நாள் கணப்பைப் பற்றவைக்குமுன் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாயின் அடிவாயில் காட்டுங்கள். சுடர் மேல்நோக்கி இழுபட்டால் விறகை வைக்கலாம். அப்போதும் புகை திரும்பினால், குழாய் முகட்டுக்கு மேல் எவ்வளவு நிற்கிறது, மேற்குப் பக்கம் மரங்கள் எவ்வளவு அருகில் உள்ளன என்ற இரண்டு அளவுகளையும் இங்கே எழுதுங்கள்.